வலது பக்கக் குழாய்

காலை ஆறு நாற்பதுக்கு, ஏழாவது தடவையாக, ராயப்பன் பட்டறை வாசலில் போய் நின்றேன். டிசம்பர் 27, புதன்கிழமை. டைரியில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக் காட்டுகிறேன். ஏழு தடவை. ஒரு எஞ்சின் கவருக்கு.

உட்காருங்கள். டீ கொடுக்க முடியாது, வீட்டில் யாரும் இல்லை. வண்டியைப் பிறகு பார்க்கலாம், அது எங்கும் போகாது. நீங்கள் முனையில் இருக்கிற டீக்கடையில் கேட்டுத்தான் வந்திருப்பீர்கள். யெஸ்டி வண்டி விற்கிற வீடு எது என்று கேட்டிருப்பீர்கள். அவன் ஏதாவது சொல்லியிருப்பான். சிரித்தானா? அவன் டம்ளர் கழுவுகிற தண்ணீரைப் பார்த்திருந்தால் அவன் வாயிலிருந்து வருகிற எதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் நானே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

என் பெயர் கிட்டுசாமி. பம்ப் செட் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். வெளியே போகிற ஒவ்வொரு பம்பும் என் மேஜையில் ஏறி இறங்கித்தான் போகும். பெயின்ட் வழிந்திருந்தால், இரும்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை இருந்தால், பெயர்த் தகடு ஒரு நூல் கோணியிருந்தால், சிவப்பு சாக்பீஸால் ஒரு வட்டம். அவ்வளவுதான். வட்டம் விழுந்தது திரும்பிப் போகும். சாயங்காலம் லாரி நிற்கும், லோடு ஏற்ற ஆள் நிற்பான், மேனேஜர் டீவியேஷன் ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வருவார். டீவியேஷன் தெரியுமா? குறை இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனாலும் அவசரம், போகட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. மற்றவர்கள் போட்டார்கள். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒன்றில்கூடப் போட்டதில்லை. லாரி நின்றால் நிற்கட்டும் என்று சோற்றுத் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ரிட்டையர் ஆன அன்றைக்கு சால்வை போட்டார்கள். சால்வையில் ஓரத்து நூல் பிரிந்திருந்தது.

இந்த வண்டி அன்னூர்ப் பக்கம் ஒரு தோப்பில், மோட்டார் ரூமில் கிடந்தது. யெஸ்டி ரோடுகிங், 1982 மாடல். பத்தொன்பது வருஷம் அங்கேயே நின்றிருக்கிறது. சீட்டை எலி தின்றிருந்தது. பெட்ரோல் டாங்க் மேல் கோழி உட்கார்ந்து உட்கார்ந்து, அது இருந்த நிலையைச் சொன்னால் உங்களுக்கு மத்தியானம் சோறு இறங்காது. எஞ்சினைச் சொல்லவே வேண்டாம். எவனோ ஒரு புண்ணியவான், கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயின்ட்டை எஞ்சின் முழுக்கப் பூசியிருந்தான். பிரஷ்ஷில் இருந்து உதிர்ந்த முடி பெயின்ட்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அழுக்கின் மேலேயே அடித்திருக்கிறான். துடைக்கக்கூட இல்லை. மனுசன் எப்படி இப்படி இருக்கிறான் என்று அன்று இரவு படுக்கையில்கூட யோசித்தேன்.

முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரட்டைக் குழாய், வளைந்திருந்தது. பாலத்துக் கட்டையில் மோதியதாம், தோப்புக்காரர் சொன்னார். முன்சக்கரம் வயிற்றை எக்கிக்கொண்ட மாதிரி எஞ்சின் பக்கம் ஒட்டிப் போயிருந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வளைந்தது நிமிரும். ஆனால் அந்த சில்வர் பெயின்ட், அதை என்னால் பார்க்க முடியவில்லை.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். வீட்டுக்காரியும் கேட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இங்கே பழைய வண்டிகள் அணிவகுப்பு நடந்தது, வேடிக்கை பார்க்கப் போனேன். முதல் பரிசு வாங்கிய வண்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மட்கார்டு ஓரத்தில் பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறது. எஞ்சினில் எமரி பேப்பர் கோடு அப்படியே தெரிகிறது. அதற்கு ஒரு கப், ஒரு மாலை, நாலு பேர் கைதட்டல்.  பரிசு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வண்டியாவது இந்த ஊருக்குக் காட்ட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அடுத்த அணிவகுப்பு ஜனவரி 28.

எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கிக்கரை உதைக்க முடியாது. ஓட்டுவதற்கு மாப்பிள்ளையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தாமோதரன் என்று பெயர். என் ஒரே மகள் மேகலாவின் புருஷன். திருப்பூரில் மருந்து கம்பெனி ரெப். டாக்டர் டாக்டராகப் பைக்கில் அலைகிற வேலை, பையைத் தோளில் மாட்டினால் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுவார். ஓட்டத் தெரிந்தவர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மற்றபடி எனக்குப் பிடித்த ஆள் இல்லை. மாமனார் வீட்டுக்கு முக்கால் டவுசர் போட்டுக்கொண்டு வருகிற மாப்பிள்ளையை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? வாயில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு பேசுவார். எல்லாவற்றுக்கும் சிரிப்பார். விஷயத்தைச் சொன்னதும் வண்டியைச் சுற்றி வந்து, 'மாமா, இதுல நான் போறது மேகலாவுக்குப் புடிக்காட்டியும் எனக்குப் புடிச்சிருக்குது' என்றார். பஜ்ஜி கை சீட்டில் பட்டது.

எஞ்சின் உள்வேலையை ஹபீப் பாயிடம் கொடுத்தேன். உக்கடத்தில் மெக்கானிக், இந்த மாதிரிப் பழைய வண்டிதான் பார்ப்பார். வேலை தெரிந்தவர். ஆனால் பட்டறையைப் பார்க்க வேண்டுமே! ஸ்பேனர் ஒரு பக்கம், டீ கிளாஸ் ஒரு பக்கம், கிளாஸுக்குள் போல்ட் நட்டு. நவம்பரில் வண்டியைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, 'ஃபோர்க்குக் குழாய் ரெண்டும் புதுசு சொல்லிருங்க சார். டெல்லியிலிருந்து வரணும், அஞ்சு வாரம் ஆகும்.' எஞ்சின் முகம் முதலில் முடியட்டும் பாய், பிறகு பார்க்கலாம் என்றேன். முகம் சரியில்லாத வண்டிக்குக் கால் எதற்கு?

இனி ராயப்பன்.

ஆவாரம்பாளையத்தில் அவனுக்கு பாலிஷ் பட்டறை. உள்ளே போனால் ஆள், சுவர், சாமி படம் எல்லாம் ஒரே கருப்பு. பேசினால்தான் பல் தெரியும், ஆள் இருக்கிறான் என்று தெரியும். துணிச் சக்கரம் சுற்றும், அதில் மெழுகுக் கட்டியைத் தேய்த்துக் கவரை அழுத்திப் பிடிப்பான். நிதானமாகப் பிடித்தால் அலுமினியம் கண்ணாடி ஆகும். அவசரப்பட்டு அழுத்தினால் அலை அலையாகப் போகும். சாதாரணக் கண்ணுக்கு அது தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழிதான். டியூப் லைட்டுக்குக் கீழே பிடிக்க வேண்டும். கவரில் லைட் ஒரு கோடாக விழும். கவர் வளைவு, அதனால் கோடும் வளையும், அது சரி. ஆனால் கோடு நடுங்கக் கூடாது. நடுங்கினால் ரிஜெக்ட். என் முப்பத்தொரு வருஷத்தை இந்த ஒரு வார்த்தையில் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

முதல் தடவை நடுங்கியது. சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டேன். ஆறு வட்டம். இரண்டாம் தடவை நாலு. மூன்றாம் தடவை ஒரு இடத்தில் தேய்த்துச் சூடாக்கி மஞ்சளாக்கி வைத்திருந்தான், பார்த்தால் காமாலைக் கண் மாதிரி இருந்தது. ஐந்தாம் தடவை என்னிடம் கேட்கிறான், 'ஏனுங்க சார், எஞ்சினுக்கு பாலிஷ் போடச் சொல்றீங்களா, இல்ல பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறீங்களா?' பக்கத்துப் பட்டறைக்காரன் எல்லாம் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. வட்டம் போட்டேன். ஆறாம் தடவை கவரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஏழாம் தடவைதான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை. ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து என்னைப் பார்த்து, கவரை நீட்டினான். 'இதுக்கு மேல தேச்சா உள்ள இருக்கற பல்சக்கரந்தான் தெரியும், எடுத்துட்டுப் போயிருங்க' என்றான்.

டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன். கோடு நடுங்கவில்லை. நின்றது. ஆனால் நன்றாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை. பாராட்டினால் அடுத்த வேலையைக் கெடுத்துவிடுவான்.

கவரை ஒட்டித் தெரிகிற நடு எஞ்சினையும் கண்ணாடியாக்கச் சொன்னேன். அது வார்ப்பு, முதலில் இருந்தே சொரசொரப்பாகத்தான் வந்தது, அதைத் தேய்க்கமாட்டார்கள் என்று அவன் ஒரு பிரசங்கம் செய்தான். உன்னிடம் பாடம் கேட்க வரவில்லை என்றேன். தேய்த்தான்.

அதெல்லாம் முடிந்து பார்த்தால் ஜனவரி பிறந்துவிட்டது. டெல்லிக் குழாய்க்கு அஞ்சு வாரம். அணிவகுப்புக்கு நாலு வாரம்கூட இல்லை. தேதி நமக்காக மாறாது இல்லையா? கணபதியில் சின்னராசு என்று ஒருத்தன், லாரி ஆக்சில் நிமிர்த்துகிற பிரஸ் வைத்திருக்கிறான். அவனிடம் இரண்டு குழாயையும் கொண்டுபோனேன். அவன் வாயில் எப்போதும் பாக்கு. துப்புவதற்கு வெளியே வரமாட்டான், பிரஸ்ஸுக்குப் பின்னாலேயே துப்புவான். அந்தச் சுவரை நீங்கள் பார்க்கக் கூடாது. ஆனால் இரண்டு அமுக்கில் நிமிர்த்திவிட்டான். இடது பக்கக் குழாய் அம்பு மாதிரி. வலது பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூன்றாவது அமுக்கு, நாலாவது அமுக்கு. பிறகு குழாயை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, 'ஆச்சுங்க' என்றான்.

க்ரோம் போடக் கொடுத்தேன். நடுவில் பொங்கல், நாலு நாள் எல்லாப் பட்டறையும் பூட்டு. இருபதாம் தேதிதான் கைக்கு வந்தது. என்ன சொல்ல! பார்த்தால் கண் கூசும். இத்தனை பேர் செய்த வேலையில் நான் ஒரு வட்டம்கூடப் போடாத வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் மாட்டுவதற்கு ஹபீப் பாயிடம் கொண்டுபோனேன். அவர் மாட்டவில்லை. மேஜையில் ஒரு கனமான கண்ணாடிப் பலகை வைத்திருக்கிறார், அதைத் துடைத்தார். அதைத் துடைக்க மட்டும் அவரிடம் சுத்தமான துணி இருக்கிறது, பாருங்கள். இடது பக்கக் குழாயை அதன்மேல் உருட்டினார். சத்தமில்லாமல் உருண்டது. வலது பக்கக் குழாயை உருட்டினார். டக் டக் என்று ஒரு சின்னச் சத்தம். நிறுத்தி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஒரே ஒரு இடத்தில், வெளிச்சம் தெரிந்தது. நூல் அளவு. சத்தியமாக நூல் அளவுதான்.

'ஏற்கெனவே ஒருக்கா வளைஞ்சு எவனோ நிமிர்த்தியிருக்கறான். இது ரெண்டாவது. மடிஞ்ச பேப்பரு மாதிரிங்க சார் இது. எத்தன தேச்சாலும் அடுத்த தடவ அங்கயேதான் மடியும்' என்றார்.

நான் எஞ்சின் கவரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் விடவில்லை.

'சாக்பீஸு பையில இருக்குதுங்களா?'

எப்போதும் இருக்கும். இப்போதும் இருக்கிறது, பாருங்கள்.

'எடுத்து இதுல ஒரு வட்டம் போடுங்க சார்.'

ராயப்பன் கதை உக்கடம் வரைக்கும் போயிருக்கிறது! ஒரு மெக்கானிக், டீ கிளாஸில் போல்ட் போட்டு வைக்கிறவர், இன்ஸ்பெக்‌ஷன் எனக்குச் சொல்லித் தருகிறார். அளவு பார்ப்பது எங்கள் கம்பெனியில் வேறு செக்‌ஷன். டயலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நாள் முழுக்க அரைக் கண் தூக்கம். என் வேலை முகம். முகத்தில் குறை இல்லை. அதில் வட்டம் போட எனக்கு இடம் இல்லை. அப்படித்தான் சொன்னேன். ஏழு நாள்தான் இருக்கிறது பாய், அன்றைக்கு ஒரு நாள் மெதுவாகப் போய்விட்டு வரப் போகிற வண்டி, மாட்டுங்கள் என்றேன்.

'போறது யாருங்க?'

மாப்பிள்ளை என்றேன். அவர் இரண்டு குழாயையும் நியூஸ்பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார். 'வேற ஆளப் பாத்துக்குங்க. நான் மாட்டமாட்டேன்.' அவ்வளவு அகங்காரம். சுற்றிக் கொடுத்த பேப்பரில் எண்ணெய்க் கறை. புது க்ரோமில் பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் துடைத்தேன்.

வேறு ஆள் எதற்கு? வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நானே மாட்டினேன். இந்தப் போர்ட்டிகோவில்தான், நீங்கள் செருப்பு விட்டிருக்கிற இடத்தில். தாமோதரன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் மடக்கி உட்கார முடியாது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் குழாயைத் தடவிக்கொண்டே கேட்டார்.

'இது புதுசுங்களா மாமா?'

'பளபளன்னு இருக்கறது தெரியலையா மாப்ள?' என்றேன்.

சிரித்தார். எல்லாவற்றுக்கும்தான் சிரிப்பார் என்று சொன்னேனே. மேகலா கதவோரத்தில் காபியோடு நின்றுகொண்டிருந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு என்மேல் ஒரு பழி வந்தது. நான் பொய் சொன்னேன் என்று. நான் புதுசு என்று சொன்னேனா? நீங்களே கேட்டீர்கள். நான் புதுசு என்று சொல்லவே இல்லை.

ஜனவரி 28 ஞாயிற்றுக்கிழமை. கூட்டமான கூட்டம். தாமோதரன் அன்றைக்கு மட்டும் முழு பேன்ட் போட்டார், மேகலா பின்னால் உட்கார்ந்தாள். வண்டி மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆட்கள் செல்போனைத் தூக்கினார்கள். வெயில் எஞ்சினில் பட்டு எதிரே நின்றவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் பார்த்தேன்.

பிறகு நடுவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அட்டை. வந்தவர் கையை எடுத்து எஞ்சின் மேல் வைத்தார். வெறும் கை, வியர்வைக் கை. ஐந்து விரலும் பதிந்தது. வைத்துக்கொண்டே சொல்கிறார், இந்த மாடலுக்கு நடு எஞ்சின் இப்படி வராது, அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டீர்கள், இதற்கு மார்க் குறையும் என்று. அசல் எதுவோ அதுதான் அழகாம். அழுக்காக வந்தால் அழுக்குதான் அழகா? கேட்டேன். குனிந்து முன் ஃபோர்க்கைப் பார்த்தார். 'ஃபோர்க் பிரமாதம்' என்று அதற்கு முழு மார்க் போட்டார். உருட்டிப் பார்த்தாரா? இல்லை. அந்த லட்சணத்தில் அவர் நடுவர்.

மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். கப்பில் என் பெயர் கிருஷ்ணசாமி என்று அடித்திருந்தது. அதோ டிவி மேல் இருக்கிறது. திருப்பி வைத்திருக்கிறேன்.

அதோடு வண்டியைத் துணி போட்டு மூடியிருக்க வேண்டும். தாமோதரன் விடவில்லை. அவருக்கு வண்டி பிடித்துப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து, வண்டியை எடுத்து அன்னூர் வரைக்கும் ஒரு சுற்று போய்விட்டு வருவார். வந்து என் எதிரில் உட்கார்ந்து பேசுவார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னோடு அவ்வளவு பேசியது அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான். முதல் வாரமே சொன்னார், 'மாமா, வண்டி வலது பக்கமா இழுக்குதுங்க. கையத் தளத்துனா நடு ரோட்டுக்குப் போகுது.' டயரில் காற்று பாருங்கள் மாப்ள என்றேன். இரண்டாவது வாரம், 'காத்தெல்லாம் சரியாத்தான் இருக்குது மாமா, பிரேக் புடிச்சா ஹேண்டில் கை குலுக்குது. மாமனாரு குடுக்காத மரியாதைய வண்டி குடுக்குதுங்க' என்று சிரிக்கிறார். பழைய வண்டி அப்படித்தான், பிடித்து ஓட்ட வேண்டும் என்றேன். எஞ்சின் கவரில் சேறு தெறித்திருந்தது. அதைத் துடைக்காமல் நிறுத்தியிருந்தார். அதைப் பற்றித்தான் நான் பேசினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு, காலை ஏழே கால். கணேசபுரம் தாண்டி. பின்னால் வந்த பால் வண்டிக்காரன் சொன்னதைச் சொல்கிறேன், நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. வண்டி நாற்பதில்தான் போனது. ரோட்டின் குறுக்கே யாரோ தண்ணீர்க் குழாய் பதித்து மண் மூடிய தடம். முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியது. ஏறும்போது வலது பக்கக் குழாய் மடிந்தது. வண்டி முன்னங்காலை மடித்து உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. தாமோதரன் ஹேண்டிலைத் தாண்டி விழுந்தார். எதிரே வந்த டெம்போ பிரேக் போட்டது, ஆனால் போதவில்லை. வலது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் மறுநாளே போய் அந்தத் தடத்தைப் பார்த்தேன். ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோனேன். அளந்தேன். ஆழம் நாற்பது மில்லிமீட்டர். நாற்பது! இரண்டு அங்குலம்கூட இல்லை. நான் அங்கே நின்ற பத்து நிமிஷத்தில் சைக்கிள் போனது, மொபெட்டில் மூன்று பேர் போனார்கள், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா டிவிஎஸ்ஸில் போனாள். எவனும் விழவில்லை. நாற்பது மில்லிமீட்டரில் ஒரு வண்டி விழுமா? நீங்களே சொல்லுங்கள். இதை எழுதி, ஆழம், அகலம், தேதி எல்லாம் போட்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். ரோட்டில் தப்பு இல்லை, ஓட்டியவர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று காட்ட.

மேகலா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த பெஞ்சில் எவனோ சாம்பார் கொட்டியிருந்தான், துடைத்துவிட்டு உட்காரக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. காகிதத்தை வாங்கினாள். படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள்.

'அந்தக் குழாய் புதுசான்னு அவரு கேட்டாரு. நீங்க என்னப்பா சொன்னீங்க?'

'நீயும்தானம்மா நின்னுட்டு இருந்தே' என்றேன்.

'நின்னுட்டுத்தான் இருந்தேன். அதனாலதான் கேக்கறேன்.'

நான் கவரில் டியூப் லைட் கோடு எப்படி விழுந்தது, ஏழு தடவை, அதெல்லாம் சொன்னேன். எவ்வளவு கவனமாகச் செய்த வண்டி என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. மார்ச்சில் அவரை டிஸ்சார்ஜ் செய்து திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த நாள் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. ரெப் வேலை போய்விட்டது, ஆபீஸுக்குள் ஏதோ உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டிருக்கிறாராம். வீட்டுக்காரி ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு துணியை மூட்டை கட்டினாள். மாப்பிள்ளையை எழுப்பி உட்கார வைக்க ஆள் வேண்டும் என்றாள். நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

'அந்த எஞ்சின் கவர்லயே சோறு போட்டுத் தின்னுங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது?

ஹபீப் பாய் ஆஸ்பத்திரிக்குப் போய் தாமோதரனைப் பார்த்தாராம். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாராம். என்னைப் பார்க்க வரவில்லை. ராயப்பன் ரோட்டில் என்னைக் கண்டால் பட்டறைக்குள் போய்விடுகிறான். ஏழு தடவை வேலை வாங்கியவன் என்ற கோபம். வேலை கற்றுக் கொடுத்தவனுக்கு இந்த ஊரில் இதுதான் மரியாதை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை எடுக்க நான் ஒருத்தன்தான் அலைந்தேன். மூன்று வாரம் அங்கே வெயிலில், ஒரு வேப்பமரத்துக்கு அடியில், காக்கை எச்சத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் துடைத்து, போர்ட்டிகோ டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு பெரிய அடியில் எஞ்சின் கவரில் ஒரு கீறல் இல்லை. ஒன்றுகூட இல்லை. கோடு நடுங்கவில்லை. அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

வாருங்கள், துணியை எடுக்கிறேன். இப்படி வந்து நில்லுங்கள், இங்கிருந்து பார்த்தால்தான் லைட் சரியாக விழும். தெரிகிறதா? கை மட்டும் வைக்காதீர்கள். நீங்கள்தான் ஓட்டப் போகிறீர்களா? தினமும் ஆபீஸுக்கா? நல்லது. வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால்தான் கெடும். சேறு பட்டால் மட்டும் அன்றன்றைக்குத் துடைத்துவிடுங்கள், அதைச் செய்வேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தால் போதும்.

ஏன் அங்கேயே குனிந்து பார்க்கிறீர்கள்? ஃபோர்க்கில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வலது பக்கம் க்ரோம் கொஞ்சம் உரிந்திருந்தது, முழுக்க எடுத்துவிட்டு மறுபடி போட்டாயிற்று. புதுக் குழாய் எதற்கு? இதன் பளபளப்பு அதில் வராது. ஏப்ரல் 22, திங்கள்கிழமை, சின்னராசு அதே குழாயை மூன்று அமுக்கில் நிமிர்த்திக் கொடுத்தான். க்ரோம் போட்டு வந்ததும் நானே மாட்டினேன்.